பொன்னாடைக்கு ஒரு ஆணி

முதலில் போன வாரத்துக்கு மன்னிப்பு. ரசப்பொடி எழுதினேன் இல்லையா… அதில் தனியாவை விட்டுவிட்டேன். பெசன்ட் நகரிலிருந்து ஒரு அம்மா பத்திரிகை ஆபீசுக்கே போன் போட்டு, தனியா இல்லாத ரசப்பொடிக்கு மிளகாய்த்தூள் என்றல்லவா பேர் என்று கேட்டாராம். நியாயம்தானே?

எனக்கு எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. எழுத உட்கார்ந்தால் முக்கியமானதெல்லாம் எங்கேயோ போய்விடும். வேண்டாததெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நிற்கும்.

தனியா விட்டுப்போனால் ரசம்தான் கெடும். இந்த வாரம் எழுதப்போவதில் ஒன்று விட்டுப்போனால் விரல் போகும். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகவே படியுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேலை பார்ப்பது அடையாறு தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில். பேர் வேண்டாம். அங்கே ஒர்க் ஷாப் பெருக்குகிறேன். ஒன்பது வருஷமாக அதே ஹால். பாதி மரவேலை, பாதி இரும்பு வேலை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. எந்த டிபார்ட்மென்ட் பிள்ளையானாலும் நோட்டில் நேரம் எழுதி வைத்துவிட்டு வந்து வேலை செய்துகொள்ளலாம். நாற்காலி செய்கிறவர்கள் உண்டு. கார் செய்கிறவர்கள் உண்டு. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மூன்று மாதமாக எதையோ அறுத்துக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு.

பெருக்குகிற வேலையில் என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாலும் தேக்குத் தூளுக்கும் வேம்புத் தூளுக்கும் வாசனை தனித்தனியாகத் தெரியும். லேத் மெஷினிலிருந்து விழுகிற இரும்புச் சுருள் சூட்டில் நீலமாகிக் கிடக்கும், மயில் கழுத்து மாதிரி. ஆனால் கையால் தொடக் கூடாது. பிரஷ்ஷால் தள்ளி எடுக்கணும். மரத்தூளுக்கு ஒரு வாளி, இரும்புக்கு ஒரு வாளி. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் ஒரு நெருப்புப் பொறி போதும்… குப்பையே எரிந்துவிடும்.

பார்த்தீர்களா, விதிகளுக்குள் வந்துவிட்டேன். அந்த ஹாலே அப்படித்தான்.

வாசலில் சுவரோடு வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் தொங்குவது, ஆடுவது, சுற்றுவது எல்லாவற்றையும் அங்கே கழற்றி மாட்டிவிட்டுத்தான் போகணும். கழுத்தில் போட்ட ஐ.டி. கார்டு, துப்பட்டா, திருப்பதிக் கயிறு, ஜெபமாலை, வளையல். வெள்ளிக்கிழமையானால் மல்லிகைப் பூ. ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் ஜெபமாலை, நடுவில் யாருடைய தாயத்தோ. சில நாள் பார்த்தால் மூன்று மதமும் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். தாலிச் சங்கிலி போட்ட பிள்ளைகள் அதைக் கழற்ற மனசில்லாமல் சட்டைக்குள் போட்டு, மேலே கோட்டின் பட்டன் எல்லாம் கழுத்து வரை பூட்டிக்கொள்ளும்.

எனக்கும் புடவைமேல் ஒரு கோட்டு. காலில் ஷூ. முதல் வாரம் ஷூ போட்டு நடந்தபோது இரண்டு காலையும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இப்போது வீட்டில் செருப்பில்லாமல் நடந்தால்தான் பயமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் புதுசாக ஒரு சட்டம் வந்தது. ஹாலுக்குள் மஞ்சள் கோடு ஒன்று போட்டார்கள். அதைத் தாண்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் — புரொபசர், மாணவர், பெருக்குகிறவள் — ஒரு டெஸ்ட் எழுதி, பச்சை பேட்ஜ் வாங்கணும். பத்து கேள்வி. பத்தும் சரியாக இருக்கணும். ஒன்பது சரி என்றால் ஃபெயில்தான். ஒன்பது விரல் பத்திரமாக இருந்தால் போதுமா என்பது சுந்தரி மேடத்தின் கணக்கு.

சுந்தரி மேடம்தான் ஒர்க் ஷாப் இன்சார்ஜ். கண்டிப்பானவர். அவருக்கு யார்மேலும் கோபம் கிடையாது, யார்மேலும் சலுகையும் கிடையாது.

எங்கள் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: பூஜை லீவு முடிந்த வாரத்துக்குள் பேட்ஜ் வாங்காவிட்டால் என்னை லேடீஸ் ஹாஸ்டலுக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே நாலு மாடி, பாத்ரூம் வேலை. வேலை பெரிது சிறிது என்று நான் பார்க்கிறவள் இல்லை. ஆனால் தேக்கு வாசனை அங்கே ஏது?

எனக்குப் பரீட்சை என்றாலே ஐந்தாம் வகுப்பு வயிற்றுவலி வந்துவிடும்.

என்னோடு எட்டு பிள்ளைகள் எழுதினார்கள். எனக்கு மட்டும் மேடம் தமிழில் வாசித்துக் கேட்டார். கண்ணாடி எப்போது போடணும்? உள்ளே நுழையும்போதே. கையிலிருந்து உளி நழுவினால்? பிடிக்கக் கூடாது, விழட்டும், கால் இருக்கவே இருக்கிறது ஷூவுக்குள். இதை நான் வீட்டிலும் சொல்வேன். அரிவாள்மனை சரிந்தால் நம்மையறியாமல் கை போய்விடுகிறது இல்லையா? போகக் கூடாது. தனியாக மெஷின் ஓட்டலாமா? கூடாது. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாமா? கூடவே கூடாது.

அப்புறம், லேத் ஓட்டும்போது கையுறை போடணுமா?

கூடாது என்றேன். பக்கத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு தம்பி "போட வேண்டும்" என்று எழுதியிருந்தார். கைக்குப் பாதுகாப்பு என்றுதானே எல்லோரும் நினைப்போம்? வெல்டிங்குக்குப் போடணும், கூரான தகடு தூக்கப் போடணும். சுற்றுகிற மெஷினிடம் மட்டும் கூடாது. அது கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் போதும், மிச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மிச்சம் என்றால் கையும்தான்.

ஒன்பது கேள்வி ஆயிற்று. பத்தாவது கேட்டார். வாசல் பக்கத்தில் மஞ்சள் பெட்டிமேல் சிவப்பாகக் காளான் மாதிரி ஒரு பொத்தான் இருக்கிறதே… அதை அழுத்தினால் ஹாலில் எல்லா மெஷினும் நின்றுவிடும். அதை யார் அழுத்தலாம்?

இதில் என்ன சந்தேகம்? "நீங்கதான் மேடம்" என்றேன்.

"தப்பு."

"இன்னா மேடம்… அப்போ கரீம் பாயா?"

"யார் வேணாலும் அழுத்தலாம். ஆபத்துனு தோணுச்சுன்னா யாரையும் கேக்க வேணாம். நீங்களும் அழுத்தலாம்."

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. பேப்பரில் ஒன்பது என்று போட்டு, லீவு முடிந்து மறுபடி வாருங்கள், அதுவரை கோட்டுக்கு வெளியே நின்று வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் கரீம் பாய் கேட்டார். அவர் மரவேலைப் பக்கத்து டெக்னீசியன். திருவல்லிக்கேணிக்காரர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து மரத்தில் கை வைத்த குடும்பம். பத்து விரலும் முழுசாக இருக்கிற ஆசாரியை எங்கள் குடும்பத்தில் நான்தான் முதலில் பார்க்கிறேன், அதுவும் முகம் பார்க்கிற கண்ணாடியில் என்பார்.

"இன்னாக்கா, பாஸா?"

ஒன்றில் போய்விட்டது என்றேன். எதில் என்று சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒன்போது வருசமா அந்தப் பொத்தான தெனம் தொடச்சிக்கினு கீறியே, அது இன்னாத்துக்குன்னு நெனச்ச? குங்குமம் வெக்கிறதுக்கா?"

உண்மையில் அப்படித்தான் துடைப்பேன். இரண்டு விரலால், பட்டும் படாமலும். அழுந்திவிடுமோ என்று.

இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிறுத்து என்று நான் யாரிடமும் சொன்னது கிடையாது. மந்தைவெளியில் இறங்க வேண்டியவள் நான். சில நாள் அங்கே கை காட்டுகிறவர்கள் இல்லை என்றால் பஸ் நிற்காமல் போய்விடும். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு விசில் அடித்து நிறுத்தி இறங்குகிறாள். நான்? பேசாமல் மயிலாப்பூர் குளம் வரை போய் இறங்கி, திரும்பி நடந்து வருவேன். கேட்டால் வாக்கிங் என்பேன். அப்படிப்பட்டவளிடம் போய் பெரிய சிவப்புப் பொத்தானைக் காட்டி "நீயும் அழுத்தலாம்" என்றால்?

லீவுக்கு முந்தின நாளே ஹாலில் ஆயுத பூஜை. கரீம் பாய்தான் வருஷா வருஷம் பொரியும் கடலையும் வாங்கி வருகிறவர். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஆறு மாதமாகக் கெட்டுக்கிடந்து அப்போதுதான் சரியான ஒரு பழைய லேத்துக்கு மட்டும் பெரிய சாமந்தி மாலை போட்டார்கள். பூஜைக்கு எல்லோரும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். அன்றைக்கு மெயின் ஸ்விட்சையே இறக்கி, சாவியை மேடம் கையில் வைத்துக்கொண்டார். நான் கோட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். சாமிக்குக் கோடு தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு முடிந்து திறந்த அன்றைக்குத்தான் அந்த லேத்தை ஓட்டி வைக்கிற விழா. ஓட்டி வைக்க வந்தவர் ரிட்டயர்டு புரொபசர். எண்பதை நெருங்கியவர். அந்த லேத்தில்தான் அவர் வேலை படித்தாராம். சுவரில் மாட்டியிருக்கிற பழைய விதிப்பலகை கூட அவர் அந்தக் காலத்தில் கைப்பட எழுதியதுதானாம்.

எவ்வளவு ஜாக்கிரதை தெரியுமா அன்றைக்கு! கரீம் பாய் லேத்திலிருந்து காய்ந்த மாலையை எடுத்தார். ஒரு சாமந்தி இதழ்கூட விடாமல் துடைத்தார். மேடம் எல்லோருடைய காலையும் பார்த்தார், ஷூ இருக்கிறதா என்று. புரொபசர் வாசலில் தன் வாட்ச்சைக் கழற்றித் தானே ஆணியில் மாட்டினார். "டை கட்டலாம்னுதான் இருந்தேன்மா, உங்க ஆணிக்குப் பயந்து கட்டல" என்று மேடத்திடம் சொன்னார். எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள்.

நான் வாசல் பக்கம், கோட்டுக்கு இந்தப் புறம், கையில் சுண்டல் தட்டோடு நின்றேன். எனக்கு வலது பக்கத்தில் மஞ்சள் பெட்டி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் தானே கடைந்துகொண்டு போகிற மெஷின். நிவேதா என்று ஒரு பொண்ணு, நாற்காலியின் முதுகுப் பலகைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்கு மார்க் போடுகிற நாள். ஓடுகிற மெஷினை விட்டு நகரக் கூடாது என்பதால் விழாவுக்குக்கூட வராமல் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

புரொபசர் இரண்டு நிமிஷம் பேசினார். கை தட்டினார்கள். அப்புறம் மேடம் ஒரு கேரிபேக்கிலிருந்து பொன்னாடையை எடுத்துப் பிரித்து அவருக்குப் போர்த்தினார். அரக்குக் கலர். இரண்டு முனையிலும் ஜரிகைக் குஞ்சம். மறுபடி கை தட்டு. பத்து செல்போன் மேலே எழுந்தது.

"சார், அப்படியே ஸ்டார்ட் பண்ணிடுங்க."

அவர் லேத்திடம் குனிந்தார்.

லேத் தெரியாதவர்களுக்கு: இரும்புத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற மெஷின். பிடிக்கிற பாகம் வட்டமாக, மூன்று பல்லோடு இருக்கும். அந்தப் பழைய மெஷினில் பச்சைப் பொத்தான் அதற்குக் கீழேதான். பொத்தானை எட்டணும் என்றால் குனியணும். குனிந்தால்…

குஞ்சம் அந்தப் பல்மேல் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல், பூனை மாதிரி.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவுக்குச் சிரிக்கிறாரே. நான் எப்போதும் கீழே பார்த்துப் பழகியவள். எனக்கு அந்தத் துணிதான் தெரிந்தது.

சார் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாகத்தான் நினைத்தேன். கை தட்டுகிற சத்தத்தில் என் காதுக்கே வரவில்லை. கோட்டைத் தாண்டி ஓடலாமா? பேட்ஜ் இல்லை. ஓடினாலும் எட்டாது. அவர் விரல் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கையை நான் எடுத்தேனா, அதுவாகப் போனதா, தெரியாது. சுண்டல் தட்டு விழுந்தது. சிவப்புப் பொத்தான் என் உள்ளங்கைக்குள் போய் 'டக்' என்று உட்கார்ந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றது. தூசு இழுக்கிற மெஷின் நின்றது. அந்த ஹாலில் வேலை நேரத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது, அது வேறு லைன்.

புரொபசர் பச்சையை அழுத்தினார். ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு முறை அழுத்தினார்.

"இன்னா, கரண்ட் பூட்ச்சா?" என்றார் கரீம் பாய்.

மேடம் திரும்பினார். அவருக்குத் தெரியும், இது கரண்ட் இல்லை. "யார் அழுத்தினது?"

எல்லோரும் திரும்பினார்கள். அறுபது கண்ணாவது இருக்கும், எல்லாம் கண்ணாடி போட்ட கண். கீழே முழுக்கச் சுண்டல்.

"நான்தான்."

"ஏன்?"

ஏனா? எவ்வளவு சொல்லணும்… குஞ்சம், பல், குனிவது, கழுத்து. ஒன்றும் வரவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"துணி."

புரொபசர்தான் முதலில் குனிந்து பார்த்தார். குஞ்சத்தின் நாலு நூல் பல்லின் இடுக்கில் போயிருந்தது. மெதுவாக எடுத்தார். இன்னொரு முனை எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தார். அது அவர் கழுத்தைச் சுற்றித் தோளில் கிடந்தது. பொன்னாடையைக் கழற்றி மடித்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதல் வரியே அதான். தொங்குற துணி கூடாது. நான்தான் எழுதினேன்."

மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. போர்த்தியது அவர் கை இல்லையா?

கரீம் பாய்தான் பேச்சைத் தொடங்கினார். "மெசினுக்குப் போட்ட மாலைய ஞாபகமா கயட்னேன் சார். மனுசனுக்குப் போட்டத மறந்துட்டேன்." புரொபசர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எப்படித் தப்பியது அது? வாசலில் ஆணி இருக்கிறது, எல்லாவற்றையும் கழற்றுகிறோம். ஆனால் பொன்னாடை வாசல் வழியாகத் துணியாக வரவில்லையே. கேரிபேக்கில் மரியாதையாக வந்தது. உள்ளே வந்து அல்லவா துணியானது? டை என்றால் பயப்படுகிறோம், துப்பட்டா என்றால் சத்தம் போடுகிறோம். பொன்னாடையைப் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றுகிறது.

ஒர்க் ஷாப்பில் மட்டுமா? தி.நகர் கல்யாண மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். வீட்டில் அடுப்புப் பக்கம் முந்தானையைச் செருகிக்கொள்கிற அதே அம்மாதான். பட்டுப்புடவை கட்டி, சீஃப் கெஸ்ட் என்று கூப்பிட்டு, கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டால்… முந்தானை அதன் பாட்டுக்குத் தீபத்தின்மேல் ஆடிக்கொண்டிருக்கும். யாராவது சொல்கிறோமா? போட்டோ எடுக்கிறோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் நிவேதாவை விட்டுவிட்டால் தனியாவை விட்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த மரம் கடைகிற மெஷின் பாதியில் நின்றால் எங்கே நின்றோம் என்பதை மறந்துவிடுமாம். என்னை மாதிரி. மறுபடி ஓட்டினால் துளை தள்ளிப்போய் விழும். இரண்டு மணி நேர வேலை. பலகை வீண். அவள் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி என்னிடம் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"சொல்லிட்டு அழுத்தக் கூடாதா ஆயாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டாள். நியாயமான கேள்வி.

"சொல்ல வாய் வந்திருந்தா அழுத்தியே இருக்க மாட்டேன்மா."

அவள் கீழே உட்கார்ந்து என்னோடு சுண்டல் பொறுக்கினாள். பாதி பொறுக்கும்போது மேடம் வந்தார். நேரம் எழுதுகிற நோட்டை எடுத்து, மத்தியானம் தனக்கு என்று எழுதியிருந்த நேரத்தை அடித்துவிட்டு நிவேதா பேரை எழுதினார். கரீம் பாய் வேறு பலகை இழைத்துக் கொடுத்தார். சாயங்காலம் ஹாலைப் பெருக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன், பலகை முழுக்கத் துளை. வரிசையாக, அழகாக, பல்லாங்குழி மாதிரி.

மறுநாள் எனக்கு மறு டெஸ்ட்.

நேற்று நடந்ததற்காகவே பேட்ஜ் கொடுத்துவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். மேடமா கொடுப்பார்? பத்து கேள்வியையும் முதலிலிருந்து வாசித்தார். கண்ணாடி, உளி, கையுறை, வாளி. ஒன்பதும் சரி.

"சிவப்புப் பொத்தான யார் அழுத்தலாம்?"

"யார் வேணாலும் மேடம்."

"நீங்க?"

"நானும்தான்."

பத்து என்று போட்டார். பேட்ஜை நீட்டினார். நீட்டிவிட்டு உடனே விடவில்லை. அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். "தேங்க்ஸ்மா" என்றார். அவ்வளவுதான். போன் வந்துவிட்டது.

கெட்டுப்போன பலகையைக் கரீம் பாய் தூக்கி எறியவில்லை. வாசலில் பழைய ஆணி வரிசைக்குப் பக்கத்தில் மாட்டி, அதிலும் ஆணிகள் அடித்தார். கடைசி ஆணி மட்டும் பெரிசு. அது எதற்கு என்று கேட்டேன்.

"வி.ஐ.பி. ஆணிக்கா. பொன்னாடைக்கு. இனிமே போத்துறதா இருந்தா வாசல்லயே போத்தி, வாசல்லயே கயட்டி மாட்டிட்டுத்தான் உள்ள வரணும். மேடம் ஆர்டர்."

இப்போதைக்கு அதில் என் கோட்டு தொங்குகிறது. அடுத்த பொன்னாடை வரும்வரை யாருக்கும் நஷ்டம் இல்லையே?

கடைசியாக, வழக்கம்போல என் ஞாபகத்தை நம்பாதீர்கள். மேலே எழுதிய விதிகளில் ஏதாவது முன்பின்னாக இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் பத்திரிகைக்கு ஒரு போன் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அழுத்திய பொத்தானை மறுபடி எடுத்துவிட வலப்பக்கம் திருகணுமா, இடப்பக்கமா என்று எனக்கு நிச்சயமில்லை. அது மேடத்தின் வேலை.

இன்னொன்றும் விசாரிக்கணும். நேற்றும் மந்தைவெளியில் பஸ் நிற்கவில்லை. மயிலாப்பூர் குளம் வரை போய்த்தான் நடந்து வந்தேன். இப்போது விட்டிருக்கிற புது பஸ்களில் கம்பியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறதாம், அழுத்தினால் அடுத்த ஸ்டாப்பில் நிற்குமாம் என்கிறார்கள்.

யாராவது சரிபார்த்துச் சொல்லுங்களேன்… அதையும் யார் வேண்டுமானாலும் அழுத்தலாமா?